பாமினி மாற்றியைக் குடைந்து பார்ப்பது: கவரேஜ் வழிநடத்தும் ஃபஸ் சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் பழைய அலுவலகக் கணினிகளைத் திறந்தால் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னமும் நிறையக் கிடக்கின்றன. கமக்காரர் அமைப்பின் உறுப்பினர் பட்டியல், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கறிக்கை, கோயில் திருவிழா நோட்டீஸ், தவணைப் பரீட்சை வினாத்தாள் என்று பட்டியல் நீளும். இவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவர ஆளாளுக்கு ஒரு மாற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை ஒட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே வரும். ஆயிரக்கணக்கான பெயர்கள் உள்ள பட்டியலைக் கொடுக்கும்போதுதான் மாற்றி நடுவில் விழும். அதைவிட மோசம், விழாமல் பிழையாக மாற்றிவிட்டு அமைதியாக முடிப்பது.

நிரலுக்குத் தாறுமாறான உள்ளீடுகளை ஓயாமல் ஊட்டி, அது எங்கே விழுகிறது என்று பார்ப்பதே ஃபஸ் சோதனை; அதைச் செய்யும் கருவி ஃபஸ்ஸர். நிரலின் எந்தப் பகுதிகள் ஓடின என்ற கணக்குத்தான் கவரேஜ். இந்த வழிகாட்டியில் அப்படியான ஒரு மாற்றியையே உதாரணமாக எடுக்கிறோம். அது சி அல்லது சி++ மொழியில் இருக்கிறது, நூலகமாகப் பிரித்து அழைக்கக்கூடிய ஒரு செயற்கூறு அதில் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறோம். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில், இங்கே இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் இடைவெளி விட்டுத் தட்டுங்கள்.

கருவி உள்ளே என்ன செய்கிறது

நிரலுக்குக் குப்பை ஊட்டிப் பார்ப்பது புதிய யோசனை இல்லை. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் 1988இல் மாணவர்களுக்கு அதைப் பயிற்சியாகவே கொடுத்தார். 1990இல் வெளியான கட்டுரைப்படி, சோதித்த யூனிக்ஸ் கருவிகளில் கால்வாசி முதல் மூன்றிலொன்று வரை விழுந்தன. ஆனால் அது குருட்டு வீச்சு. கொம்பு (ெ), அதன் பின் ககரம், அதன் பின் அரவு (ா) என்ற மூன்று பைட்டும் இதே வரிசையில் தற்செயலாக வர, சுமார் 1 கோடியே 68 இலட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு.

கவரேஜ் வழிநடத்தும் முறை இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. கொம்பைலர் உங்கள் நிரலின் ஒவ்வொரு கிளைச் சந்தியிலும் ஒரு சிறிய எண்ணியைப் பொருத்துகிறது. ஓர் உள்ளீடு புதிய கிளையைத் தொட்டால் ஃபஸ்ஸர் அதைச் சேமித்து வைத்து, அடுத்த மாற்றங்களை அதன்மேல் செய்கிறது. கொம்பு உள்ள கிளையைத் தொட்ட உள்ளீடு முதலில் சேமிக்கப்படும். அதன்மேல் ககரம் ஒட்டியது அடுத்து, அதன்மேல் அரவு ஒட்டியது அதற்கடுத்து. கோடிக்கணக்கான முயற்சி சில ஆயிரமாகச் சுருங்கிவிடும். ஒரு கிளை எத்தனை தரம் ஓடியது என்பதும் 1, 2, 3, 4 முதல் 7, 8 முதல் 15 என்று வகுப்புகளாகக் கணக்கில் வரும். 128உம் அதற்கு மேலும் எல்லாம் ஒரே வகுப்பு. அதனால் ஒரு சுழல் இரண்டு தரம் ஓடுவதும் இருபது தரம் ஓடுவதும் ஃபஸ்ஸருக்கு வெவ்வேறு கண்டுபிடிப்புகள்.

2013இல் மிஹாவ் ஸலெவ்ஸ்கி வெளியிட்ட ஏஎஃப்எல் கருவிதான் இம்முறையைப் பரவலாக்கியது. நாம் பயன்படுத்தப்போவது எல்எல்விஎம் என்ற கொம்பைலர் திட்டத்தோடு வரும் லிப்ஃபஸ்ஸர். அதில் புதிய வசதிகள் இனிப் பெரிதாக வராது, பராமரிப்பு மட்டும் நடக்கிறது. ஆனாலும் முதன்முதல் கை வைப்பதற்கு அதைப்போல எளிதானது வேறில்லை.

ஃபஸ்ஸர் ஓடிக்கொண்டிருப்பதும் தேடிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல. இரவு முழுக்க ஓடி ஒன்றுமே பிடிபடவில்லை என்றால், நிரல் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதற்கு முன், ஃபஸ்ஸரை உங்கள் நிரலோடு இணைக்கும் சிறு கோப்பான ஹார்னஸைச் சந்தேகப்படுங்கள். கீழே வரும் படிகளில் பாதி அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கானவை.

தயார் செய்தல்

உபுண்டு 22.04 அல்லது 24.04 போதும். விண்டோஸ் மடிக்கணினி என்றால், விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2இல் உபுண்டு போடுங்கள். வேலையை லினக்ஸின் சொந்தக் கோப்புறையிலேயே வையுங்கள். சி டிரைவை மவுன்ட் செய்த பாதையில் வைத்தால் கோப்பு வாசிப்பு ஊர்ந்துதான் போகும். மக் கணினியில் அப்பிளின் சொந்தக் கிளாங் கொம்பைலரில் லிப்ஃபஸ்ஸர் வராது; எல்எல்விஎம்மைத் தனியாக நிறுவ வேண்டும்.

நிறுவ வேண்டியவை இரண்டு பொதிகள்: கிளாங், எல்எல்விஎம். பதிவிறக்கம் பெரியது. கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் இருப்பவர்கள் இரவு டேட்டா தொடங்கும் நேரத்துக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

22.04இல் ஒரு பொறி இருக்கிறது. நிரல் தொடங்கிய உடனேயே "டெட்லி சிக்னல்" என்ற வரி முடிவில்லாமல் ஓடினால், அல்லது சில தரம் ஓடிச் சில தரம் ஓடாமல் விளையாட்டுக் காட்டினால், உங்கள் நிரலில் பிழை இல்லை. புதிய கெர்னல்கள் நினைவக முகவரிகளைக் கலைக்கும் அளவைக் கூட்டிவிட்டன. நினைவகப் பிழைகளை ஓடும்போதே பிடிக்கும் அட்ரஸ் சனிடைஸரின் பழைய பதிப்புக்கு அது ஒத்துவரவில்லை. "சூடோ சிஸ்சிடிஎல் விஎம்.எம்மாப்_ஆர்என்டி_பிட்ஸ்=28" என்று கொடுத்தால் சரியாகிவிடும். கணினியை மீள இயக்கினால் திரும்பக் கொடுக்க வேண்டும்.

ஹார்னஸ் எழுதுதல்

ஹார்னஸ் என்பது ஃபஸ்ஸர் தரும் பைட்டுகளை உங்கள் செயற்கூறிடம் ஒப்படைக்கும் சிறிய கோப்பு. அதன் பெயர் "எல்எல்விஎம்ஃபஸ்ஸர்டெஸ்ட்வன்இன்புட்" என்று மாறாமல் இருக்க வேண்டும். இரண்டு அளபுருக்களை ஏற்கும்: பைட்டுகளைச் சுட்டும் பொயின்டர், நீளம். முடிவில் பூச்சியம் திருப்பும். சி++ என்றால் முன்னால் "எக்ஸ்டேர்ன் சி" கட்டாயம். மெயின் செயற்கூறு எழுத வேண்டாம். லிப்ஃபஸ்ஸர் தன்னுடையதைக் கொண்டுவரும்; உங்கள் மாற்றியிலும் ஒன்று இருந்தால் இணைக்கும்போது "மெயின் இரண்டு தரம் வரையறுக்கப்பட்டுள்ளது" என்று நின்றுவிடும். மாற்றும் பகுதியை மெயின் இல்லாத தனிக் கோப்பாகப் பிரியுங்கள்.

உள்ளே செய்ய வேண்டியது நாலே வேலை. நீளத்தோடு ஒன்று கூட்டி மலொக் செய்யுங்கள். பைட்டுகளைப் பிரதியெடுங்கள். கடைசிப் பைட்டில் பூச்சியம் வையுங்கள். மாற்றியை அழைத்து, அது தரும் விளைவையும் உங்கள் பிரதியையும் ஃப்ரீ செய்யுங்கள்.

மலொக்குக்குப் பதிலாக சி++இன் ஸ்ட்ரிங்கைப் போட்டால் வசதிதானே என்று தோன்றும். போடாதீர்கள். குனூ நூலகத்தில் 15 எழுத்துவரையுள்ள ஸ்ட்ரிங் தனி நினைவகம் எடுக்காது, தன் உடம்புக்குள்ளேயே இருக்கும் 16 பைட் இடத்தில் அடங்கிவிடும். மூன்று எழுத்து உள்ளீட்டில் நிரல் நாலைந்து பைட் தாண்டி வாசித்தாலும் அது இன்னும் அந்த 16க்குள்தான் நிற்கும். சனிடைஸர் வாயே திறக்காது. ஃபஸ்ஸர் விரும்பிச் செய்வதோ குட்டி உள்ளீடுகளைத்தான். வழு கண்முன்னே இருந்தும் பிடிபடாமல் போவதற்கு இதுவே மிகச் சாதாரணமான காரணம்.

வேறு சில விதிகள்:

- உள்ளே கோப்புத் திறக்க வேண்டாம், திரையில் அச்சடிக்க வேண்டாம். மாற்றி தானாக எச்சரிக்கைகளைக் கக்கினால் "-குளோஸ்_எஃப்டி_மாஸ்க்=3" கொடுத்து அடக்குங்கள்.
- எழுத்து அட்டவணையை ஒவ்வோர் அழைப்பிலும் கட்டாமல், "எல்எல்விஎம்ஃபஸ்ஸர்இனிஷியலைஸ்" என்ற செயற்கூறில் ஒரே தரம் கட்டுங்கள்.
- முந்திய அழைப்பின் நிலை அடுத்ததற்கு ஒட்டக்கூடாது. குளோபல் மாறிகள் இருந்தால் ஒவ்வொரு தரமும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிராஷ் விழும், ஆனால் அதே கோப்பைத் தனியாகக் கொடுத்தால் விழாது.
- எக்சிட் அழைக்கும் மாற்றி ஃபஸ்ஸரையும் சேர்த்து மூடிவிடும். பிழைக்குறியீடு திருப்பும்படி மாற்றுங்கள்.

கொம்பைல் செய்யும் வரி:

கிளாங்++ -ஜி -ஓ1 -எஃப்சனிடைஸ்=ஃபஸ்ஸர்,அட்ரஸ்,அன்டிஃபைன்ட் -எஃப்நோ-சனிடைஸ்-ரிகவர்=அன்டிஃபைன்ட் மாற்றி.சிபிபி ஹார்னஸ்.சிபிபி -ஓ தேடி

அட்ரஸ் சனிடைஸர் நினைவக எல்லை மீறல்களைப் பிடிக்கும். வேகம் ஏறக்குறையப் பாதியாகும், அது ஏற்கத்தக்க விலை. மொழி விதிகளில் வரையறுக்கப்படாத செயல்களைப் பிடிக்கும் அன்டிஃபைன்ட் சனிடைஸர், இயல்பாக ஒரு வரி எச்சரித்துவிட்டுத் தொடர்ந்து ஓடிவிடும். "நோ-ரிகவர்" சேர்த்தால்தான் நின்று, உள்ளீட்டைக் கோப்பாகச் சேமிக்கும். அதை விட்டுவிட்டால் கண்டுபிடிப்புகள் திரையில் ஓடி மறைந்துபோகும்.

மாற்றி தனி நூலகமாகக் கட்டப்படுகிறது என்றால் அதையும் "-எஃப்சனிடைஸ்=ஃபஸ்ஸர்-நோ-லிங்க்,அட்ரஸ்" என்று கட்டுங்கள். ஹார்னஸில் மட்டும் எண்ணி பொருத்தி நூலகத்தை வெறுமனே விட்டால், ஃபஸ்ஸர் பார்ப்பது உங்கள் பத்து வரியை மட்டுமே. வழிநடத்த அதற்கு ஒன்றும் இல்லை, 1988இன் குருட்டு வீச்சுக்கே திரும்பிவிடுகிறோம்.

விதைக் கோப்புகள்

விதை என்று சொல்வதால் மூட்டைக் கணக்கில் வேண்டும் என்றில்லை. எட்டுக் கோப்பு போதும். ஒவ்வொன்றும் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றும் மாற்றியின் வேறொரு பாதையை மிதிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெயர்களே இதற்கு நல்ல விதை:

- நெடுங்கேணி: ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒரே சொல்லில்.
- கிளிநொச்சி: கொம்பு முன்னும் அரவு பின்னுமாக மெய்யைச் சுற்றி நிற்கும் நொகரம்.
- கொக்குத்தொடுவாய்: அதே வடிவம் இரண்டு தரம்.
- முல்லைத்தீவு: ஒரே விசையில் வரும் முகரம், முன்னால் வரும் ஐகாரக் குறி.
- வெள்ளாங்குளம்: கொம்புக்குப் பின் ளகரம். இதன் சங்கதி பிறகு வருகிறது.
- ஸ்ரீ, தனியே.
- ஆங்கிலமும் இலக்கமும் கலந்த ஒரு முகவரி வரி.
- வேர்ட் தானாகப் போட்ட சுருள் மேற்கோள்குறியோடு ஒரு வரி.

பாமினியில் தட்டி, வெறும் உரைக் கோப்பாகச் சேமித்து, "விதை" என்ற கோப்புறையில் போடுங்கள். வேர்ட் கோப்பை அப்படியே போடுவதில் பயனில்லை.

சொல்லகராதிக் கோப்பு ஒன்றையும் ஃபஸ்ஸருக்குக் கொடுக்கலாம். ஜேசன், எக்ஸ்எம்எல் போன்ற நீண்ட குறிச்சொற்கள் உள்ள வடிவங்களில் அது பெரிய உதவி. பாமினியில் எல்லாம் ஒற்றைப் பைட் என்பதால் இங்கே தேவையே இல்லை. "-ஒன்லி_அஸ்கி=1" என்ற தெரிவு கவர்ச்சியாகத் தெரியும். அதைத் தொடாதீர்கள், காரணம் கீழே தெரியும்.

ஓட்டமும் வாசிப்பும்

./தேடி திரட்டு விதை -மெக்ஸ்_லென்=64 -டைம்அவுட்=5 -ஆர்எஸ்எஸ்_லிமிட்_எம்பி=1024

முதல் கோப்புறையான திரட்டில்தான் ஃபஸ்ஸர் தான் சேமிக்கும் உள்ளீடுகளை எழுதும், இரண்டாவதை வாசிக்க மட்டும் செய்யும். வரிசையை மாற்றிவிட்டால் விதைகளுக்குள் குப்பை சேர்ந்துவிடும். நேர வரம்பு இயல்பாக 1200 செக்கன், ஒரு மாற்றிக்கு அது அர்த்தமற்றது. 5 செக்கனே தாராளம். நினைவக வரம்பு இயல்பாக 2048 எம்பி, 4 ஜிபி மடிக்கணினியில் அதைக் குறைத்தே ஆக வேண்டும்.

திரையில் ஓடும் வரியில் நாலைந்து சங்கதிகளைத்தான் பார்க்க வேண்டும். "கவ்" என்பது தொட்ட கிளைகள். "எஃப்டி" என்பது ஓட்ட எண்ணிக்கை வகுப்புகளையும் சேர்த்த கணக்கு. "கோர்ப்" என்பது திரட்டில் உள்ள கோப்புகளும் மொத்தப் பைட்டும். "லிம்" என்பது இப்போதைய நீள வரம்பு. அது சிறிதாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூடும். "எக்ஸெக்" என்பது செக்கனுக்கு எத்தனை ஓட்டம்.

இவ்வளவு சின்ன மாற்றி, சாதாரண மடிக்கணினியிலும் செக்கனுக்குப் பல்லாயிரம் ஓட்டம் ஓட வேண்டும். ஆயிரத்துக்குக் கீழே நின்றால் எங்கோ கோப்புத் திறக்கிறது, அல்லது அட்டவணையை ஒவ்வொரு தரமும் கட்டுகிறது. "கவ்" பத்துப் பன்னிரண்டில் உறைந்து நின்றால் நூலகத்தில் எண்ணி பொருத்தப்படவில்லை. "கவ்" நன்றாக ஏறி, பிறகு நெடுநேரம் அசையாமல் நின்றால், அது எட்டக்கூடியதை எட்டிவிட்டது, அல்லது ஏதோ ஒரு கதவு மூடிக் கிடக்கிறது. கோப்பின் சரிபார்ப்புத் தொகையை முதலில் பார்க்கும் நிரல்களில் அந்தக் கதவு அதுதான். ஃபஸ் கட்டமைப்பில் மட்டும் அந்தச் சரிபார்ப்பைத் தாண்டிவிடும்படி மக்ரோ வைத்து எழுதுங்கள்.

எந்தக் கதவு என்று ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். சனிடைஸர்கள் இல்லாமல் "-எஃப்புரொஃபைல்-இன்ஸ்ட்ர்-ஜெனரேட் -எஃப்கவரேஜ்-மெப்பிங்" சேர்த்து இன்னொரு கட்டமைப்பைச் செய்து, திரட்டு முழுவதையும் அதில் ஒரு தரம் ஓட்டி, எல்எல்விஎம்-புரொஃப்டேட்டாவால் சேர்த்து, எல்எல்விஎம்-கவ் மூலம் வரி வரியாகப் பாருங்கள். பூச்சியம் காட்டும் வரிகளே உங்கள் அடுத்த விதைக்கான குறிப்பு.

இன்னொரு சோதனை, மிக மலிவானது. "நொ" மாற்றும் கிளைக்குள் வேண்டுமென்றே ஒரு அபோர்ட் (நிரலை உடனே வீழ்த்தும் அழைப்பு) வையுங்கள். அந்த விதையை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். சில நிமிடங்களில் அதை எட்டவில்லை என்றால் உங்கள் அமைப்பில்தான் கோளாறு. எட்டினால் அபோர்ட்டை எடுத்துவிட்டு நிம்மதியாக இரவு ஓட்டத்துக்கு விடலாம்.

கரண்ட், வெக்கை

சித்திரை, வைகாசி மதியத்தில் மடிக்கணினி எல்லாக் கோரும் ஓடினால் சூட்டில் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாலு கோரில் ஓட்டி இரண்டு கோரின் வேலையைத்தான் பெறுவீர்கள். நாலில் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்: "-ஃபோர்க்=2 -இக்னோர்_கிராஷஸ்=1". இரவு பத்துக்குப் பிறகு ஓட்டினால் வித்தியாசம் "எக்ஸெக்" எண்ணிலேயே தெரியும்.

கரண்ட் போனால் பெரிய இழப்பு இல்லை. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் உடனே கோப்பாக எழுதப்படுவதால், அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும். மேசைக் கணினி திடீரென அணைந்தால் மட்டும் கடைசியாக எழுதிய சில கோப்புகள் பூச்சிய அளவில் இருக்கக்கூடும், அவற்றை அழித்துவிடுங்கள். சில நாள் ஓடிய திரட்டைச் சுருக்க "-மேர்ஜ்=1 புதிது திரட்டு" கொடுக்க வேண்டும். ஒரே கவரேஜ் தரும் கோப்புகளைக் கழித்துவிடும். திரட்டு பெரிதென்றால் "-மேர்ஜ்_கன்ட்ரோல்_ஃபைல்" சேர்த்துவிடுங்கள், இடையில் கரண்ட் போனாலும் சுருக்கும் வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்காது.

கிராஷ் விழுந்தால்

ஃபஸ்ஸர் நின்று, "கிராஷ்-" என்று தொடங்கி நீண்ட பெயருள்ள ஒரு கோப்பை விட்டுச்செல்லும். திரையில் வரும் அறிக்கையில் மூன்று இடங்களைப் பாருங்கள்: பிழையின் வகை, அது வாசிப்பா எழுத்தா, ஸ்டாக்கில் உங்கள் கோப்பின் பெயர் வரும் முதல் வரி. "மூன்று பைட் பகுதிக்குப் பின் 0 பைட்டில்" என்பது போன்ற வாசகம் எவ்வளவு தாண்டியது என்று சொல்லும்.

பாமினி மாற்றிகளில் எதிர்பார்க்கக்கூடியவை மூன்று.

முதலாவது கொம்பு. பாமினியில் கொம்பை முதலில் தட்டி மெய்யைப் பிறகு தட்டுகிறோம், யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும். ஆகவே மாற்றி கொம்பைக் கண்டதும் அடுத்த பைட்டை எடுத்து, மெய்யாக எழுதி, கொம்பைப் பின்னால் வைத்து, இரண்டு இடம் முன்னே நகரும். வரி கொம்போடு முடிந்தால்? அடுத்த பைட் முடிவுக்குறியான பூச்சியம். அதையே மெய்யென்று எடுத்து இரண்டு நகர்ந்தால் முடிவுக்குறிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நினைவகத்தில் அடுத்த பூச்சியம் எங்கே இருக்கிறதோ அதுவரை, யாருடைய தரவாக இருந்தாலும், தமிழாக மாறிக்கொண்டே போகும். வழக்கமான ஓட்டத்தில் பட்டியலின் ஒரு பெயருக்குப் பின்னால் சம்பந்தமில்லாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். சனிடைஸர் அதை முதல் பைட்டிலேயே "ஹீப்-பஃபர்-ஓவர்ஃப்ளோ, ரீட்" என்று நிறுத்திவிடும். திருத்தம் ஒரு வரி: அடுத்த பைட் பூச்சியமா என்று பார்த்துவிட்டு நகர்வது.

இரண்டாவது வெளியீட்டு இடம். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். முகரம் பாமினியில் ஒரு பைட், யூனிகோடில் இரண்டு குறி, ஆகவே 6 பைட். இதைப் பார்த்துவிட்டு "உள்ளீட்டு நீளம் பெருக்கல் 6, கூட்டல் 1" என்று ஒதுக்குகிறார்கள். ஸ்ரீயும் பாமினியில் ஒரே பைட், ஆனால் யூனிகோடில் நாலு குறி, 12 பைட். நீண்ட வசனத்தில் மற்ற எழுத்துகள் மிச்சம் வைக்கும் இடத்தில் இது ஒளிந்துவிடும். நோட்டீஸ் அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் ஸ்ரீ மட்டும் இருந்து, மாற்றி கட்டம் கட்டமாக ஓடினால் 7 பைட் இடத்தில் 13 பைட் எழுதப்படும். இது எழுதும் மீறல், வாசிப்பதைவிட ஆபத்தானது. முதலில் இதைத் திருத்துங்கள்.

மூன்றாவது சுருள் மேற்கோள்குறி. விண்டோஸ்-1252இல் அவை 147, 148ஆம் பைட்டுகள். சாதாரண கணினிகளில் சி மொழியின் சார் வகை குறியுள்ளது, ஆகவே 147 என்பது −109 ஆகிவிடும். அட்டவணையில் −109ஆம் இடத்தைக் கேட்டால் அட்டவணைக்கு முன்னால் இருக்கும் வேறெதையோ எடுக்கும். அங்கே இன்னொரு குளோபல் மாறி இருந்தால் அட்ரஸ் சனிடைஸருக்கு அது சட்டபூர்வமான முகவரிதான், எதுவும் சொல்லாது. அன்டிஃபைன்ட் சனிடைஸரின் எல்லைச் சோதனைதான் இதைப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னது இதற்காகவே. அஸ்கி மட்டும் என்று கட்டுப்படுத்தியிருந்தால் இந்த வழு வெளியே வந்தே இராது. ஏஆர்எம் லினக்ஸில் சார் குறியற்றது என்பதால் ராஸ்பெரி பையில் இது தோன்றாது. "என்னுடைய கணினியில் சரியாகத்தானே ஓடுகிறது" என்ற வாக்குவாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. அட்டவணையைத் தொடுமுன் அன்சைன்ட் சார் ஆக மாற்றுங்கள்.

கிராஷ் கோப்பு பெரிதாக இருந்தால் "-மினிமைஸ்_கிராஷ்=1 -மெக்ஸ்_டோட்டல்_டைம்=60" கொடுத்துச் சுருக்குங்கள். பல கிராஷ்கள் விழுந்தால் ஸ்டாக்கின் மேல் மூன்று வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே மூன்று வரி என்றால் பெரும்பாலும் அதே வழு. ஒன்றைத் திருத்திய பிறகே அடுத்ததைத் தேடுங்கள். மேலோட்டமான வழு ஒன்று நிற்கும்வரை ஒவ்வோர் ஓட்டமும் அதிலேயே இடறி விழுந்துகொண்டிருக்கும்.

விழாத வழுக்கள்

சனிடைஸர்கள் அமைதியாகிவிட்டன. பட்டியலைப் பயன்படுத்துபவருக்குத் தொல்லை தரும் வழுக்கள் இனிமேல்தான் இருக்கின்றன, ஏனெனில் அவை நினைவகத்தை மீறுவதில்லை. எது பிழை என்று ஃபஸ்ஸருக்கு நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எளிய சோதனையில் தொடங்குங்கள்: வெளியீடு செல்லுபடியாகும் யூடிஎஃப்-8ஆ? தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. இது மீறப்பட்டால் ஹார்னஸில் அபோர்ட்.

அடுத்தது கிளிநொச்சி. நொகரத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாக எழுத வேண்டும். சில மாற்றிகள் கொம்பையும் அரவையும் தனித்தனிக் குறிகளாக எழுதிவிடுகின்றன. திரையில் இரண்டும் ஒரே மாதிரியே தெரியும். பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலில் "கிளிநொச்சி" என்று தேடினால் அந்த வரிகள் கிடைக்காது; மாவட்ட வாரியாகக் கூட்டினால் கிளிநொச்சி இரண்டு வரியாகப் பிரிந்து நிற்கும். சோதனை ஒரு வரிதான்: வெளியீட்டில் கொம்புக் குறியை அடுத்து அரவுக் குறி வந்தால் அபோர்ட்.

பிறகு வெள்ளாங்குளம். பாமினியில் ஔகாரத்தைக் கொம்பு, மெய், ளகர வடிவம் என்று தட்டுகிறோம். ஆகவே அவசரமாக எழுதிய மாற்றி "வெள்" என்பதையும் வௌகாரம் என்று எடுத்து, அதன் தலையில் புள்ளியையும் வைத்துவிடும். "தெளிவு" என்ற சொல்லுக்கும் அதே கதிதான். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமே என்று மாற்றி தீர்மானிக்க வேண்டும். இதைச் சோதிக்க "உயிர்க்குறிக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வரக்கூடாது" என்று போடத் தோன்றும். ஆனால் குப்பை உள்ளீட்டில் அப்படி வருவது நியாயம்தான். யாரோ ஒரு குறியை இரண்டு தரம் தட்டியிருந்தால் மாற்றி என்ன செய்யும்? பொய் எச்சரிக்கையாகவே கொட்டும்.

இங்கே இரண்டாவது ஹார்னஸ் ஒன்று எழுதுவதே சரி. ஃபஸ்ஸர் தரும் ஒவ்வொரு பைட்டையும் 247ஆல் வகுத்து மீதியை எடுங்கள், அதைத் தமிழின் 247 எழுத்துகளில் ஒன்றாகக் கொள்ளுங்கள். அப்படி ஒழுங்கான யூனிகோட் உரை ஒன்று கிடைக்கும். அதைப் பாமினிக்கு மாற்றி, மீண்டும் யூனிகோடுக்கு மாற்றி, தொடங்கிய உரையோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அபோர்ட். எதிர்த்திசை மாற்றி உங்களிடம் இல்லை என்றால் அட்டவணையைத் திருப்பிப் போட்டு எழுதலாம், பெரிய வேலை இல்லை. ஒரு விலக்கு: எகர உயிர்மெய்க்குப் பின் குறியில்லாத ளகரம் வரும் இடம். அங்கே பாமினியே இரண்டு பொருள் தருகிறது, எந்த மாற்றியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வரிசை வந்தால் ஹார்னஸ் வெறுமனே திரும்பிவிடட்டும்.

பச்சைப் பைட் ஹார்னஸையும் எழுத்து ஹார்னஸையும் தனித்தனித் திரட்டுகளோடு ஓட்டுங்கள். ஒன்றின் கோப்பு மற்றதற்குப் பொருள்படாது.

வேறு கருவிகள்

ஏஎஃப்எல்++ நீண்ட ஓட்டங்களுக்கு நல்லது. லிப்ஃபஸ்ஸருக்கு எழுதிய ஹார்னஸ் அதிலும் கட்டுப்படும். உபுண்டுவில் தொடங்கும்போதே கோர் டம்ப் அமைப்பைப் பற்றி முறைப்பாடு செய்யும். அது சொல்லும் கட்டளையை ரூட்டாகக் கொடுத்தால் போதும். நின்ற ஓட்டத்தைத் தொடர உள்ளீட்டுக் கோப்புறைக்குப் பதிலாக ஒரு சிறு கோடு போடுங்கள். கோ மொழியில் 1.18 முதல் ஃபஸ் சோதனை உள்ளேயே வருகிறது. ரஸ்டுக்குக் கார்கோ-ஃபஸ், பைத்தனுக்கு அதெரிஸ். பைத்தனில் நினைவக மீறல் பெரும்பாலும் இருக்காது, ஆகவே மேலே சொன்ன "விழாத வழு" சோதனைகள் இல்லாமல் அங்கே ஃபஸ் செய்வதில் அதிக பலன் இல்லை.

மாற்றி உங்களுடையதில்லை என்றால்

உங்கள் கணினியில் உள்ள பிரதியில் மட்டும் சோதியுங்கள். ஓர் அலுவலகத்தின் அல்லது வேறொருவரின் இயங்கும் இணையச் சேவைக்குக் குப்பை அனுப்புவது ஆய்வு ஆகாது; இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. எழுதியவருக்குத் தனிப்பட்ட முறையில் எழுதுங்கள். சுருக்கிய கிராஷ் கோப்பு, சனிடைஸர் அறிக்கை, கொம்பைலர் பதிப்பு, கட்டிய கட்டளை ஆகிய நாலும் இருந்தால் பதில் வேகமாக வரும். திருத்த 90 நாள் கொடுப்பது இத்துறையில் பரவலான வழக்கம். எழுதும் மீறல் என்றால் அந்தக் காலம் முடியும்வரை கிராஷ் கோப்பைப் பொதுவில் போடாதீர்கள்.

திருத்திய பிறகு

ஒவ்வொரு கிராஷ் கோப்பையும் அர்த்தமுள்ள பெயரிட்டு மூலநிரலோடு சேர்த்து வையுங்கள்: "கடைசிக்-கொம்பு", "தனி-ஸ்ரீ", "சுருள்-குறி-147". சுருக்கிய திரட்டையும் சேருங்கள். சில நூறு குட்டிக் கோப்புகள், மொத்தமாகச் சில பத்து கேபி கூட வராது. மாற்றியில் ஒரு வரி மாறினாலும் "./தேடி திரட்டு கிராஷ்கள் -ரன்ஸ்=0" என்று ஓட்டுங்கள். புதிதாகத் தேடாமல் உள்ள கோப்புகளை மட்டும் ஒரு தரம் ஊட்டிவிட்டு நிற்கும், சில செக்கனில் முடிந்துவிடும். கிற் களஞ்சியத்தில் வைப்பவர்கள் அந்தக் கோப்புறைகளுக்கு வரிமுடிவு மாற்றத்தை நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் இறக்கும்போது பைட்டுகள் மாறி, வழுவைக் காட்டும் கோப்பு எதையும் காட்டாமல் போய்விடும்.